வறண்ட வானிலை

சாம்பசிவனைப் போலக் கஞ்சன் தாம்பரத்திலேயே கிடையாது என்பது பாலாம்பாளின் தீர்மானம். கட்டிக்கொண்டவளே சொல்லும்போது நாம் என்ன மறுத்துப் பேசுவது?

விஷயம் ரேடியோ. அறுபத்தாறாம் வருஷம் கிழக்குத் தாம்பரத்து அந்தச் சந்தில் ரேடியோ இருந்த வீடு அவருடையது ஒன்றுதான். சாயங்காலச் செய்தியைத் தெருவுக்கே கேட்கும்படி அலற விடுவார். செய்தி முடிந்து வானிலை ஆரம்பித்ததும் குமிழைத் திருகிச் சத்தத்தை அமுக்கிவிட்டுப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொள்வார்.

அந்த நேரத்துக்குத்தான் பக்கத்துப் போர்ஷன் தபீதாள் நடுவிலிருக்கிற தட்டி ஓரமாக வந்து நிற்பாள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுக்கிறவள். இப்போது ஏழு மாசம். புருஷன் எட்மண்டுக்கு நீலகிரியில் மின்சாரக் கம்பம் நடுகிற வேலை. ஐப்பசி பிறந்ததிலிருந்து இங்கே அடைமழை. மலையில் எப்படியோ, அவர் எந்தச் சரிவில் நிற்கிறாரோ என்று அவளுக்குக் கவலை. கடிதாசும் நின்றுபோயிருந்தது.

போன வருஷம் ஒன்று தங்காமல் போயிற்று. அதனால் இந்தத் தடவை மனசில் எதையும் போட்டு உழப்பிக்கொள்ளக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டால் ஆச்சா?

கேட்டு முடித்ததும் சாம்பசிவன் தட்டியருகே போய்த் தன் வாயால் சொல்வார். நம்ம பக்கம் பலத்த மழை, நாளைக்குக் குடை இல்லாமல் கிளம்பாதே. மலையிலா? மலையில் வறண்ட வானிலை.

தபீதாள் தலையாட்டிவிட்டு உள்ளே போவாள்.

பாலாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைத்தாய்ச்சி கால் கடுக்க நிற்கிறாள், அவள் காதாலேயே கேட்டுவிட்டுப் போனால் என்ன குடி முழுகிவிடும்?

"ஏன்னா, வானிலை கேட்டா மட்டும் ரேடியோ வால்வு தேஞ்சுடுமா?"

ஊர் பூரா கொட்டும்போது மலையில் மட்டும் வெயில் காய்கிறதாக்கும் என்று ஒரு நாள் மடக்கினாள். மலை உயரமாயிற்றே, மேகமெல்லாம் கீழே நம்மிடமே காலியாகிவிடுகிறது என்றார். பூகோள டீச்சரிடம் போய் இதைச் சொல்லி மானத்தை வாங்காதீர்கள் என்று பாலாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்னொரு நாள் ஆபீஸ் விட்டு வரும்போதே அவர் முகம் சரியில்லை. வழக்கமாக வாங்கி வரும் மாலைப் பேப்பர் கையில் இல்லை. கேட்டதற்கு, ரயிலிலேயே விட்டுவிட்டேன் என்றார். காப்பியைத் தொடவில்லை.

செய்தி நேரம் வந்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து போய்ப் பெட்டியில் காதை வைத்தார். பிறகு விறுவிறுவென்று தட்டியருகே போனார். தபீதாள் வாயைத் திறப்பதற்குள் இவரே ஆரம்பித்துவிட்டார்.

"மலையில வறண்ட வானிலைம்மா. இப்பத்தான் ரேடியோவுல சொன்னான். பாதையெல்லாம் நன்னா இருக்காம்."

பின்னாலேயே அரிக்கேன் விளக்கோடு வந்த பாலாம்பாள் அப்படியே நின்றாள். மழையில் கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது. சந்து பூரா இருட்டு. ரேடியோவாவது, சொல்லவாவது.

கரண்ட்தான் இல்லையே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் இந்த மனுஷன் எதற்காகச் சத்தத்தை அமுக்கினார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கஞ்சன் கஞ்சன் என்று ஊர் பூரா சொல்லி வைத்தோமே! வந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் தபீதாள் கையிலும் சிம்னி விளக்குதான். அவள் அந்த விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஏதாவது சொன்னாங்களா சார்?"

"சொன்னானே. இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு இப்படியேதான் இருக்குமாம்."

"சரிங்க சார். நாளைக்கும் கேட்டுச் சொல்லுங்க."

சாப்பிட உட்கார்ந்தபோது அவரே மெல்லச் சொன்னார். மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டதாம், பேப்பரில் போட்டிருந்ததாம், அதை ஸ்டேஷனிலேயே கிழித்துப் போட்டாராம். பாலாம்பாள் இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்மண்ட் வந்து சேர்ந்தான். கம்பளி ஊறி முடைநாற்றம். பூட்ஸ் மேல் பூஞ்சை. மூன்று வாரமாகச் சூரியனையே பார்க்கவில்லை, ஒரு நாள்கூட மழை விடவில்லை என்று அவன் பெண்டாட்டியிடம் சொன்னது தட்டி தாண்டிக் கேட்டது. அதற்கப்புறம் அவள் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாம்பசிவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனாலும், தினம் தினம் பொய் சொன்ன முகத்தை அந்தப் பெண் முன்னால் எப்படிக் கொண்டுபோய் வைப்பது? கொல்லைப் பக்கம் நழுவப் பார்த்தவரைப் பாலாம்பாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வாப்பா எட்மண்ட்" என்றவருக்கு மேலே என்ன கேட்பதென்று தெரியவில்லை. தபீதாள் தினம் கேட்கிற கேள்வியே வாயில் வந்துவிட்டது. "மலையில எப்படி?"

எட்மண்ட் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு அவன் நனைந்த கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஒரு சொட்டு மழை இல்ல சார். வறண்ட வானிலை" என்று சொல்லிவிட்டு, அடுக்கடுக்காகத் தும்மினான்.