முப்பத்தாறுக்கு முன்னால்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மிரேயின் பேனா மூன்றாவது முறையாக நின்றது. அவளுடைய கருமுட்டைகளை எடுத்து உறைய வைக்கச் சம்மதம் கேட்கும் தாள் அது. அடுத்த மாதம் முப்பத்தாறு பிறக்கிறது. இன்னும் தள்ளிப் போட்டால் நல்ல முட்டை கிடைப்பதே கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பக்கத்தில் அக்கா மானோன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் தங்கை மகள் எலோடியோடு நாலு நாள் இருக்கலாம் என்று ஷெர்ப்ரூக்கிலிருந்து பனியில் காரோட்டி மாண்ட்ரியல் வந்தவள். வந்த இடத்தில் இப்படியொரு அதிர்ச்சி.

இருக்காதா பின்னே? ஒரு பிள்ளை போதும் என்று மிரேயின் கணவன் ரெமி ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு வருஷமாகிறது. அப்புறம் இந்த முட்டைகள் யாருக்கு? மானோனுக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது.

நர்ஸ் வந்து, பத்து நாள் மிரேயே தன் வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசியைக் காட்டினாள். மிரேய் அதை வாங்கித் தடுமாறாமல் மருந்தேற்றிக் காட்டினாள். மகள் வளர்வதற்காகத் தினமும் ஊசி போட்டுப் பழகிய கை. ஏழு வயதாகியும் எலோடியைப் பார்த்தால் நாலுதான் என்பார்கள். குழந்தை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஒரு குதிரைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் நகர்ந்ததும் மானோன் குரலைத் தாழ்த்தினாள். "ரெமிக்குத் தெரியுமாடி?"

"தெரியும். சீக்கிரம் போன்னு சொன்னதே அவர்தான்."

"நல்லா இருக்கு. இன்னொருத்தன் பிள்ளையப் பெத்துக்க, புருஷனே வழியனுப்பி வைக்கறானா?" மானோனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் குழந்தை மொகத்தப் பாத்தாவது உன் மனசு மாறலயா?"

மிரேய்க்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. செய்வது சரியா தப்பா என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. ஒருநாள் இதற்காக மகள் தன்னை வெறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இரண்டு வருஷமாக அவளைத் தூங்க விடவில்லை. ஆனாலும் வயது நிற்கப் போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டாள்.

பிறகு, குழந்தைக்குக் கேட்காதபடி அக்காவின் காதருகே குனிந்தாள்.

"பொறக்கும்போதே அவளுக்குக் கருமுட்டை இல்லக்கா. இது எலோடிக்கு, வளந்தப்பறம் அவ பிள்ளை பெத்துக்க."