திரை முழுக்கப் பச்சை

அரை மணி நேரத்தில் அணையின் மதகுகளைத் திறக்கப் போகிறார்கள்.

கரையோரத் தெருக்கள் அத்தனைக்கும் ஒரே நேரத்தில் செய்தி போயாக வேண்டும்: உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள்.

கட்டுப்பாட்டு அறையில் அவள் பொத்தானை அழுத்தினாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் தபால்காரி.

திரையில் சிவப்புப் புள்ளிகள் மளமளவென்று பச்சையாயின. ஒரு புள்ளி என்றால் ஒரு போன். கிடைத்துவிட்டது என்று அந்தப் போனே பதில் சொன்னால்தான் பச்சை. சொல்லாத வரை செய்தி திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்ததே அவள்தான்.

கடைசியில் ஏழெட்டுப் புள்ளிகள் மட்டும் அடம்பிடித்தன. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, போனை அணைத்துவிட்டு அசந்து தூங்குகிறதோ என்னவோ!

ஒருவழியாக அவையும் வழிக்கு வந்தன. அறையில் கைதட்டல். மேலதிகாரியே எழுந்து வந்து கை கொடுத்தார்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். ஆற்றை ஒட்டிய முதல் தெருவில்தான் அவள் அப்பா தனியாக இருக்கிறார். இந்நேரம் மேடு ஏறியிருப்பார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை, போன் போட்டாள்.

உடனே எடுத்தார். பின்னால் அவர் வீட்டு மின்விசிறி கடகடத்தது.

"அப்பா, இன்னும் வீட்லயா இருக்கீங்க?"

கேட்கும்போதே அவளுக்கு உறைத்தது. போன மாதம் ஒத்திகைச் செய்திகள் நேரங்கெட்ட நேரத்தில் வந்து மனுஷனைப் படுத்தி எடுத்தன. அவர் போட்ட சத்தம் தாங்காமல், ஒத்திகை முடியும் வரைக்கும் என்று அவர் எண்ணை மட்டும் நீக்கி வைத்தாள். திரும்பச் சேர்க்க மறந்தே போனாள். அனுப்பாத போனுக்குப் புள்ளி ஏது, சிவப்பு ஏது?

பாவி, பெற்ற அப்பனை விட்டுவிட்டோமே என்று பதறினாள். இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, அவர் ஒருவர்தானே, ஓடிவிடலாம். கிளம்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் சிரித்தார்.

"எல்லாரும் மூட்டை முடிச்சோட கிளம்பிட்டாங்கம்மா. அட, இதுவும் ஒத்திகைதான், நிஜம்னா என் பொண்ணு எனக்கு அனுப்பாம இருப்பாளான்னு நான்தான் தடுத்து நிறுத்தினேன். குழந்தை குட்டியோட தெருவே இப்ப நம்ம வீட்லதான் உக்காந்திருக்கு."