ஆறு கடை இருமல்

உதயகுமார் இருமினான். அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையில் கரகரத்து, கண்ணில் நீர் கோக்க வைக்கும் இருமல். மருந்துக் கடைக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கதிர்வேல் நிமிர்ந்தார்.

"டாக்டர் சீட்டு இருக்குதா தம்பி?"

"இன்னும் மருந்து பேரே சொல்லலையேண்ணா!"

"இன்னா மருந்தா இருந்தா இன்னா? சட்டம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

சட்டமாம்! உதயகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாசம் அப்பாவுக்குச் சளி என்றதும், ஆளைக்கூடப் பார்க்காமல் ஆன்டிபயாடிக் பட்டையைக் கிழித்துக் கொடுத்த மகான் இவர்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பினான். இருமல் நின்றுவிட்டது. அது கண்ணாடி முன்னால் இரண்டு நாள் பழகிய இருமல்.

அவன் சென்னையில் சட்டம் படிக்கிறான், நான்காம் வருடம். அடுத்த வருடம் ஹெல்த் லாவைத் தனிப்பிரிவாக எடுத்துப் படிக்க வேண்டும் என்பது அவன் வெறி. இடம் பத்துதான். நல்ல ஆய்வுக் கட்டுரை கொடுப்பவனுக்கே இடம்.

'பிள்ளையார்பாளையத்தில் உள்ள ஆறு மருந்துக் கடைகளும் டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கின்றன' என்று முடிவுரையை முதலிலேயே எழுதிவிட்டான். பேராசிரியர் அசரவில்லை. "பில் எங்கப்பா? பில் இல்லேன்னா இது கட்டுரை இல்ல, கதை" என்றுவிட்டார். நாளைதான் கடைசி நாள்.

உதயகுமார் கவலைப்படவில்லை. "நம்ம ஊர்க்காரனுங்களுக்குச் சட்டமாவது மண்ணாவது! ஆறு பேரும் வரிசையா மாட்டுவானுங்க பாரு" என்று வீட்டில் இரண்டு நாளாக ஒரே பீத்தல்.

இரண்டாவது கடையில் வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் கடைக்கார மஹாலட்சுமி கையை ஆட்டினாள். "சீட்டு இல்லாம தர மாட்டோம்பா." அவள் தலைக்கு மேல் 'மருத்துவர் சீட்டு கட்டாயம்' என்று ஒரு அட்டை தொங்கியது. மார்க்கர் மை வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

மூன்றாவது கடையில் பிரசங்கமே நடந்தது. "கண்டபடி ஆன்டிபயாடிக் துன்னா, அப்புறம் எந்த மருந்துக்கும் கிருமி அடங்காது தம்பி. படிச்ச புள்ள நீயே இப்படிக் கேட்டா எப்படி?"

நான்காவதிலும் ஐந்தாவதிலும் அதே பாட்டு. எல்லாம் நடிப்பு, பித்தலாட்டம் என்று பல்லைக் கடித்தான். இருமி இருமி இப்போது தொண்டை நிஜமாகவே புண்ணாகிவிட்டது.

ஆறாவது, ஜோசுவாவின் கடை. இருமக்கூடத் தெம்பில்லை. நேராகக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணா, நான் லா படிக்கிறேன். சீட்டு இல்லாம ஒரே ஒரு பட்டை ஆன்டிபயாடிக் குடுங்கண்ணா. பில்லோட. இல்லேன்னா என் சீட்டு கிழிஞ்சிடும்."

"இன்னாபா இது, வக்கீலுக்குப் படிச்சிகினு நீயே சட்டத்த மீறச் சொல்ற?"

"கடை பேர் எழுத மாட்டேண்ணா. சத்தியமா!"

"அதெல்லாம் தப்புப்பா" என்று ஜோசுவா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு இருமல் மிட்டாயை எடுத்து முன்னால் வைத்தார். "இந்தா, இதச் சப்பு. இதுக்குச் சீட்டு வேணாம்."

உதயகுமாருக்கு அழுகையே வந்துவிட்டது. "போன வாரம் வரைக்கும் ஊருக்கே அள்ளி அள்ளிக் குடுத்தீங்களேண்ணா! ஒரே நாள்ல எப்படி ஆறு பேரும் யோக்கியனா மாறினீங்க?"

ஜோசுவா தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"'எம்புள்ள செக்கிங் வரான், நாளைக்கு ஒரு நாள் மட்டும் சீட்டு கேளுங்க'ன்னு உங்கம்மா நேத்தே ஆறு கடையும் ஏறி எறங்கிட்டாங்கப்பா!"