அன்பளிப்புக்கு வரி இல்லை

வெளிநாட்டுப் பார்சல் அன்பளிப்பாக இருந்தால் சுங்க வரி கிடையாது. அன்பளிப்புதானா என்பதை, வாங்கியபோது அனுப்புநரின் மனம் எப்படி இருந்தது என்று பார்த்துச் சுங்கத் துறையின் கருவியே சொல்லிவிடும். துபாயிலிருந்து கணவன் ஜெரால்டு அனுப்பிய எதற்கும் பெனிட்டா இதுவரை வரி கட்டியதில்லை. அக்கம்பக்கத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

இன்று வந்த தங்கச் சங்கிலிக்கு வரி போட்டிருந்தது.

"தப்பா போட்டிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் ஆசையா வாங்கினது. மறுபடி பாருங்க."

பார்சல் கொண்டுவந்த தில்லைநாயகி தயங்கினாள். "வேணாங்க்கா, கட்டிட்டு வாங்கிக்குங்க. மறுபடி பார்த்தா காரணத்தையும் சொல்லிடும்."

"சொல்லட்டுமே! எனக்கென்ன பயம்?"

தில்லைநாயகி கருவியைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"இது அன்பளிப்பு அல்ல, இழப்பீடு," என்றது கருவி, தெருவுக்கே கேட்கும்படி. "பெறுநருக்குச் செய்த தவறுக்கு ஈடாக வாங்கப்பட்டது. வரி உண்டு."

"என்ன தவறு?"

"அந்த விவரம் சுங்கத் துறைக்குத் தேவையில்லை."

தில்லைநாயகி கருவியை அவசரமாகப் பைக்குள் வைத்தாள். அப்போது பெனிட்டாவின் போன் அடித்தது. எந்தப் பார்சலையும் கணவனும் மனைவியும் வீடியோவில் பார்த்துக்கொண்டே பிரிப்பதுதான் வழக்கம்.

திரையில் ஜெரால்டு சிரித்தான். "வந்துடுச்சா பெனி? வரி கிரி எதுவும் போடலல்ல?"

எத்தனையோ பார்சல் அனுப்பியிருக்கிறான். ஒருமுறைகூட அவன் இதைக் கேட்டதில்லை.