ஆல்டன்பரி வீட்டுப் பிள்ளை

"நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் உன் மூஞ்சி தெரியக் கூடாது," என்றார் புது மேஸ்திரி மெக்ரே.

கையுறை கேட்டதுதான் ஸ்டாஷ் செய்த குற்றம். உலை வாயில் நின்று நின்று இரண்டு உள்ளங்கையும் வெந்திருந்தன. அடுத்த மாதம் போலந்திலிருந்து கப்பலில் மனைவி வருகிறாள். இப்போது வேலை போனால் அவளை எங்கே குடிவைப்பது?

"ஐயா, கை வெந்துபோச்சுன்னுதான்..."

"வேகாத கை வேணும்னா ரொட்டிக்கடைக்குப் போய் மாவு பிசை. இரும்புக்கு வராதே."

பக்கத்தில் ஒரு மண்வாரி தொப்பென்று விழுந்தது. போட்டவன், உயரத்தைப் பார்த்து எல்லோரும் 'நெட்டையன்' என்று கூப்பிடும் ஆள். இந்த வாரம்தான் அவனை இந்த உலைக்கு மாற்றி விட்டிருந்தார்கள். இரைச்சலில் யாரும் யாரோடும் ஊர்க்கதை பேச முடியாது. அவன் எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியாது. வந்து ஸ்டாஷோடு தோள் உரச நின்றான்.

"உனக்கும் கணக்கு முடிக்கணுமா? பேர் என்னடா?" என்றார் மெக்ரே.

"ஆல்டன்பரி."

மெக்ரேயின் முகம் வெளுத்தது. ஆலையே ஆல்டன்பரி குடும்பத்துடையது. பாலம், பள்ளிக்கூடம், மாதா கோயில் மணி, எல்லாவற்றிலும் அந்தப் பேர்தான். சாராயக்கடைக்கு மட்டும் வைக்கவில்லை.

குமாஸ்தாவின் ஜன்னலுக்கு ஓடினார். "இவன் பேர் நெசமாவே அதானா?"

"அதேதான். சேர்ந்த அன்னைக்கு நான்தானே எழுதினேன்."

திரும்பி வந்தபோது மெக்ரேயின் குரலில் வெண்ணெய் வழிந்தது.

"பெரிய இடத்துப் பிள்ளைங்க மண்வாரியிலேர்ந்து தொழில் பழகுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், தம்பி. முன்னாடியே சொல்லக் கூடாதா?"

நெட்டையன் கண் இமைக்காமல் பார்த்தான். மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டாஷ், நீயும் போய் வேலையைப் பாருப்பா," என்றார்.

மதியத்துக்குள் உலையடியில் எல்லோருக்கும் புதுக் கையுறை வந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாஷ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சின்ன முதலாளி, என் குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க."

நெட்டையன் வெங்காயத்தைக் கடித்தபடி, சுத்தமான போலிஷ் மொழியில் சொன்னான்: "நீ என்ன சொல்றேன்னு ஒரு எழவும் புரியலடா. கை வெந்தது மட்டும் தெரிஞ்சுது."

ஸ்டாஷ் வாயைப் பிளந்தான். "நம்மூராடா நீ? அப்போ அந்தப் பேர்?"

"அதுவா? இங்க யார் என்ன கேட்டாலும் நான் சொல்றது அது ஒண்ணுதான். நான் வந்த அன்னைக்குக் குமாஸ்தா என்னமோ கேட்டான். எங்க வேலை வேணும்னு கேக்கறான்னு நெனச்சு, ஆலை வாசல் பலகையில இருந்த பேரைச் சொன்னேன். வேலையும் குடுத்தான், பேரையும் குடுத்தான்."