மேவிஸின் 'லவ்'

யார்க்‌ஷயர் சுரங்க ஊரின் ரொட்டிக்கடையில் அடுப்புச் சூட்டுக்குக் கண்ணாடி வியர்த்திருக்கிறது. கல்லாவில் நிற்கும் மேவிஸுக்கு எல்லாரும் 'லவ்'தான், 'கண்ணு' என்பதுபோல. தபால்காரர், பாதிரியார், வரி கேட்டு வருகிறவன்கூட. "உனக்கு என்ன, லவ்?" "பாத்துப் போ, லவ்." லின்னின் முறை வந்ததும் வரிசையில் பேச்சு அடங்குகிறது. ஊரே சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தம் முடியுமுன்பே வேலைக்குச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டவன் அவள் புருஷன். மேவிஸ் ரொட்டியைக் கையில் தரவில்லை. பலகைமேல் போட்டுத் தள்ளுகிறாள். "வேற ஏதாவது வேணுங்களா, மேடம்?" பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரிக்கிறாள். லின்னுக்குக் காது மடல் எரிகிறது. "என் புள்ளய முதல்ல கையில வாங்குனவளே நீதானே, மேவிஸ்?" "கதவச் சாத்திட்டுப் போங்க, மேடம்." லின் கதவைத் திறக்கிறாள். வாசலில் யாரோ கட்டிவைத்த கிழட்டு நாய் உள்ளே மூக்கை நீட்டுகிறது. மேவிஸின் குரல் குழைகிறது. "என்ன லவ், குளிருதா உனக்கு?"