நிற்காத சக்கரம்

இப்போதெல்லாம் எவருக்கும் எண்ணெய் விட்டுப் பார்க்கும் பொறுமை கிடையாது. கழற்றி எறி, புதுசைப் போடு என்கிறார்கள். என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, சைக்கிள் கடை ரோஸ்லினும் அதைத்தான் சொன்னாள். பாலத்து ஏற்றத்தில் மிதிக்க என் முட்டிக்குத் தெம்பில்லை. வண்டி லேசாக ஓடாவிட்டால் மீன் வியாபாரத்தை விட்டுவிட வேண்டியதுதான். அதனால் சரி என்றேன். பழைய பால்ரஸ் குண்டுகளைக் கொட்டிவிட்டுப் புது பேரிங் வைத்தாள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கரத்தை ஒரு விரலால் தட்டிவிட்டாள். சத்தமே இல்லாமல் சுற்றியது. டீ குடித்து முடித்தோம், சுற்றியது. ஒரு மழை பெய்து வெறித்தது, அப்போதும் சுற்றியது.

"போதும், நிறுத்து பிள்ள."

"நான் கை வைக்க மாட்டேன் பெரியப்பா. தானா நிக்கட்டும்."

"நிக்காத சாமான எப்படி நம்பி ஏறுறது?"

"ஏறிப் பாத்தாத்தான தெரியும்."

உள்ளங்கையை அருகே கொண்டுபோனேன். கடலிலிருந்து வருவதுபோல ஒரு காற்று பட்டது. தொட்டால் நின்றுவிடும். ஆனால் கை போகவில்லை.

மீன் கெட்டுவிடுமே என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாலத்தில் நடந்தேன். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தேன். கீழே கடை வாசலில் சக்கரம் இன்னும் சுற்றி மினுங்கிக்கொண்டிருந்தது. நான் கிளம்பியதும் எவனோ மறுபடி தட்டிவிட்டிருப்பான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வலிக்கிற முட்டியோடு மறுபக்கம் இறங்கினேன்.